மழையில் பிடிமானம் தரும் கார் டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஈரச் சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை அழுத்தியபோது, பெடல் காலடியில் படபடவென்று அதிர்ந்ததே தவிர வண்டி நிற்கவில்லை; முன்னால் நின்ற காரின் பின்புறத்தை நெருங்கிக்கொண்டே போய், ஒரு முழ இடைவெளியில்தான் நின்றது. டயர்கள் நான்கும் வாங்கி ஓராண்டுகூட ஆகாதவை, பட்டனும் (சாலையைத் தொடும் மேற்பரப்பின் கட்டிகள்) ஆழமாகவே இருந்தது. வாங்கும்போது நான் பார்த்தது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை மட்டுமே. அடுத்த நான்கு டயர்களை வாங்குவதற்கு முன் படித்தும் அளந்தும் அறிந்ததை, முதன்முறையாக டயர் வாங்குகிறவருக்குப் பயன்படும் வரிசையில் கீழே தருகிறேன்.

படி 1: அளவில் கைவைக்க வேண்டாம்

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் கதவுத் தூணிலேயே டயரின் அளவும் காற்றழுத்தமும் குறித்த தாள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த அளவையே வாங்குங்கள். 195/65 ஆர்15 91வி என்றிருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 15 அங்குலம், தாங்கும் எடை 615 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் என்று பொருள்.

அகலமான டயர் மழையில் கூடுதலாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தேங்கிய நீரைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. 2 மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 195 மில்லிமீட்டர் டயர், நொடிக்கு ஏறத்தாழ 8.7 லிட்டர் நீரை வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். அகலம் 225 ஆனால் அதே வேலை 10 லிட்டராகிறது.

படி 2: ரப்பரின் வேலையையும் பள்ளத்தின் வேலையையும் பிரித்துப் பாருங்கள்

மழைச் சாலையில் டயருக்கு இரண்டு வெவ்வேறு சோதனைகள் உண்டு. சாலை வெறுமனே நனைந்திருக்கும்போது பிடிமானத்தைத் தருவது பெரும்பாலும் ரப்பர். நீர் தேங்கி நிற்கும்போது டயரைத் தரையோடு வைத்திருப்பவை டயரின் மேற்பரப்பில் வெட்டிய பள்ளங்கள். ஒன்றில் சிறந்த டயர் மற்றொன்றில் சுமாராக இருக்கலாம்.

முதலில் ரப்பர். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி எழும்போது ரப்பர் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறதோ அவ்வளவுக்கு ஈரத்தில் பிடிக்கும். ஆனால் சக்கரம் சுழலும்போதும் அதே இயல்பு ஆற்றலை விழுங்கி எரிபொருளை வீணாக்கும். 1990களில், ரப்பரில் கலக்கும் கார்பன் கரியின் பெரும்பகுதிக்கு மாற்றாகச் சிலிக்காவை (மணலில் உள்ள கனிமப் பொருள்) கலக்கத் தொடங்கிய பிறகுதான், எரிபொருள் சிக்கனமும் ஈரப் பிடிமானமும் ஒரே டயரில் ஓரளவு சேர்ந்து கிடைத்தன. ஆகவே நல்ல அளவில் சிலிக்கா கலந்த ரப்பரா என்பதை விற்பனையாளரிடம் கேளுங்கள். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாக இருப்பதால் மழைக்கும் உதவும் என்று எண்ண வேண்டாம். அது ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழான குளிருக்கென உருவானது, வெப்பமான மழையில் அதன் பிரேக் தூரம் நீளும்.

அடுத்து பள்ளங்கள். சுற்றளவு முழுவதும் நேராக ஓடும் அகலமான மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பட்டன்களின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் வேண்டும். அவை மீந்திருக்கும் நீர்ப்படலத்தை அறுத்துக் கொடுக்கும். சில டயர்களில் இவ்வெட்டுகள் மிக ஆழமற்றவை என்பதால், டயர் பாதி தேயும்போதே மறைந்துவிடும். கடையில் ஒரு மெல்லிய அட்டையை உள்ளே செருகிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வி வடிவில் ஒரே திசையில் ஓடும் வடிவமைப்பு நீரை விரைவாக வெளியேற்றும். இருந்தாலும், அன்றாடம் ஓட்டும் காருக்கு உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறாக அமைந்த டயரையே நான் பரிந்துரைப்பேன். திசை டயரை ரிம்மிலிருந்து கழற்றாமல் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாற்ற முடியாது.

படி 3: எழுத்துகளைப் படியுங்கள் (நான் தவறிய இடம்)

பக்கச்சுவரில் ட்ரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று குறியீடுகளைக் காணலாம். இவை அமெரிக்க விதிமுறையைச் சேர்ந்தவை என்றாலும் வேறு நாடுகளில் விற்கும் பல டயர்களிலும் இருக்கும். ட்ரெட்வேர் என்பது தேய்மானத்தைக் குறிக்கும் ஒப்பீட்டு எண். 100 என்ற அடிப்படை டயரைப் போல நான்கு மடங்கு உழைக்கும் என்பதே 400. இந்த எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே வழங்கிக்கொள்வதால், ஒரே நிறுவனத்தின் டயர்களுக்கிடையே மட்டும் ஒப்பிடுங்கள். எண் மிகவும் கூடினால், பெரும்பாலும் ரப்பர் கடினமானது என்றே கொள்ளலாம்.

டிராக்‌ஷன் பகுதியில்தான் நான் ஏமாந்தேன். என் பழைய டயரில் ஏ என்றிருந்தது. அதுவே முதல் தரம் என்று நம்பி வாங்கினேன். உண்மையில் அந்த வரிசை ஏஏ, ஏ, பி, சி என்பது, ஏ இரண்டாமிடம். அந்தச் சோதனையின் எல்லையும் அப்போது எனக்குத் தெரியாது. நனைத்த தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கப்படும் சக்கரத்தைப் பூட்டி, நேர்க்கோட்டில் எவ்வளவு உராய்வு கிடைக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. வளைவில் டயர் எப்படிப் பிடிக்கும் என்பதையோ, தேங்கிய நீரில் மிதக்குமா என்பதையோ அந்த எழுத்து சொல்லாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிள் வேறு. 2012 முதல் நடப்பிலிருந்து, 2021 மே மாதம் திருத்தப்பட்ட அதில், மழை மேகத்தின் படத்துக்கு அருகே ஏ முதல் ஈ வரை ஈரப் பிடிமானத் தரம் இருக்கும். அங்கே ஏ என்பதே முதலிடம். ஒரே எழுத்து ஓரிடத்தில் முதல் தரமாகவும் மற்றோரிடத்தில் இரண்டாம் தரமாகவும் இருப்பதால், எந்த முறையின் எழுத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் அளவுகோல் இதுதான்: பக்கச்சுவரில் ஏஏ அல்லது லேபிளில் ஏ, கிடைக்காவிட்டால் லேபிளில் பி. அதற்குக் கீழே இறங்க மாட்டேன், எரிபொருள் தரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் சரி. இந்த எழுத்துகள் புது டயருக்கு உரியவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: பிறந்த தேதி

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2324 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பயன்படுத்தாமல் அடுக்கி வைத்திருந்தாலும் ரப்பர் மெல்ல இறுகும். ஓராண்டுக்கு மேற்பட்டதை நான் வாங்குவதில்லை.

படி 5: பொருத்தும்போது அருகில் நில்லுங்கள்

திசை டயரில் உள்ள அம்புக்குறி, வண்டி முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறான டயரில் அவுட்சைடு என்ற சொல் வெளியே தெரிய வேண்டும். பிறகு காற்று. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று, விமான டயர்களை ஆராய்ந்த நாசா 1960களில் கண்டறிந்தது. அதன்படி 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) உள்ள டயருக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர், 25 பிஎஸ்ஐக்கு 83 கிலோமீட்டர். கார் டயருக்குப் பட்டனையும் நீரின் ஆழத்தையும் பொறுத்து இது மாறும் என்றாலும், காற்றுக் குறைந்தால் டயர் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது தெளிவு. சொந்தமாக ஒரு காற்றழுத்தமானியும், பள்ளத்தின் ஆழத்தை அளக்க ஊசி இறங்கும் வகை ஆழமானியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாணயத்தைச் செருகிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை; 3 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, தங்கள் டயரில் தேதியே இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். டிஓடி முழுக் குறியீடு பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். பொருத்திய டயரில் அது உட்பக்கம் போயிருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி நிறுத்தி, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் முன்சக்கரத்தில் தெரியும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால்தானே போட வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். முன்சக்கர இயக்கமுள்ள காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் நீரில் வழுக்கினால் ஸ்டீயரிங் இலேசாகிவிடுவதை உணர்ந்து வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலத் தொடங்கிய பிறகே தெரியவரும். முன்னால் போகும் பழைய இரண்டிலும் ஆழத்தை அளந்து, 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டர் வரை மழைக்காலத்தில் காத்திருக்க வேண்டாம்.