நூலகப் பீரியடில் என்ன செய்வது?

பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு புத்தகத்தை நீட்டி, "சத்தம் போடாமல் படிங்க" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுவதற்குப் பெயர் நூலகப் பீரியடு இல்லை. அதற்காகப் பெரிய விழா எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: என்ன செய்தாலும் முடிகிற நேரத்தில் பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும், அதுவும் தானே தேடி எடுத்ததாக. வண்ணம் தீட்டுவது, முகமூடி செய்வது எல்லாம் ஜாலிதான், ஆனால் புத்தகம் பக்கமே போகாமல் முடிகிறதென்றால் அதை ஓவிய வகுப்பிலேயே செய்துவிடலாமே.

முதலில் வாசித்துக் காட்டுவது. இது ஒன்றை மட்டும் வாரம் தவறாமல் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. முந்தின நாளே நீங்கள் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள், எங்கே நாக்கு தட்டுகிறது, எங்கே சிரிப்பு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். படம் பிள்ளைகள் பக்கம் இருக்கும்படி புத்தகத்தை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து, பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டால் பத்துக் கை எழும்பும். எல்லாரிடமும் பதில் வாங்கிக்கொண்டிருந்தால் கதை ஆறிப்போகும், இரண்டு பேர் சொன்னதும் புரட்டிவிடுங்கள். "ஆமாம், இல்லை" என்று முடிகிற கேள்வியைவிட, "அவன் ஏன் ஒளிந்துகொண்டான்?", "உனக்கு இப்படி நடந்தால் என்ன செய்வாய்?" போன்றவைதான் பிள்ளைகளைப் பேசவைக்கும். கதை முடிந்ததும் நீதி என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டுப் பழக்கிவிட்டால் பிறகு கதை முழுக்க அந்த நீதியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது புத்தக வேட்டை. பல பள்ளி நூலகங்களில் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் பதின்மப் பகுப்பு முறைப்படிதான் அடுக்கியிருக்கும். முதுகில் ஒட்டியிருக்கும் எண் பிள்ளைகளுக்கு ஏதோ கணக்கு மாதிரித் தெரியும், அதை விளையாட்டாக்கிவிடுங்கள். சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகளில் 598, 599, 567.9, 636.7, 796 என்று எழுதி, இரண்டு பேருக்கு ஒரு சீட்டாகக் கொடுத்து, "இந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புங்கள். பறவைகள், பாலூட்டிகள், டைனோசர்கள், நாய்கள், விளையாட்டுகள் என்று அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். டைனோசர் சீட்டுக்கு எப்போதும் அடிதடிதான், இரண்டு மூன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக்குத் தசமப்புள்ளி எல்லாம் வேண்டாம், அலமாரியில் ஒரு படத்தை ஒட்டி அதே படத்தைச் சீட்டிலும் வரைந்தால் போதும். புத்தகத்தை உருவிய இடத்தில் ஒரு அட்டைப் பட்டையைச் செருகிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வேண்டாமென்றால் திரும்பச் சரியான இடத்தில் வைக்க அது உதவும், இல்லையென்றால் பீரியடு முடிந்ததும் அலமாரி முழுவதையும் நீங்கள்தான் அடுக்க வேண்டியிருக்கும்.

தனக்குத் தோதான புத்தகமா என்று பார்க்க ஐந்து விரல் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும், தெரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு பக்கத்திலேயே ஐந்தும் மடங்கிவிட்டால் தனியாகப் படிக்கக் கொஞ்சம் கஷ்டம். ஆனால் இதைச் சட்டமாக்க வேண்டாம், சுறா மீன்மேல் பைத்தியமாக இருக்கும் பிள்ளை படத்துக்காகவே தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டிற்கு என்பதுதானே. கிழிந்துவிடும் என்று பூட்டி வைத்தால் வேறு எதுவும் செய்து பலனில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டுவதையும் மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட, தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்குப் படிக்க என்று ஒரு எளிய புத்தகம் கையில் வந்தால் கூச்சம் போய்விடும்.

விழா என்று ஏதாவது வைக்க நினைத்தால் ஏப்ரல் 2 உலகச் சிறுவர் நூல் தினம், சிறுவர் கதைகள் எழுதிய டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த நாள். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். பள்ளி நூலகத்துக்கென்றே அக்டோபர் மாதம் இருக்கிறது. பெற்றோரைக் கூப்பிடுங்கள், மேடை, பொன்னாடை வேண்டாம், அவர்களையும் தரையில் உட்காரவைத்து ஆளுக்கொரு கதை படிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா பாட்டி வந்தால் வாயால் கதை சொல்லட்டும், 398.2 என்று நாட்டுப்புறக் கதைகளுக்கே ஒரு எண் இருக்கிறது, கேட்டு முடித்ததும் பிள்ளைகள் நேராக அந்த அலமாரிக்குப் போகலாம்.

யார் அதிகப் புத்தகம் படித்தார்கள் என்று போட்டி மட்டும் வைக்காதீர்கள். ஏற்கெனவே படிக்கிறவர்களே ஜெயிப்பார்கள், மற்றவர்கள் மெல்லிய புத்தகமாகப் பொறுக்கி எண்ணிக்கை காட்டுவார்கள். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் வகுப்பு முழுக்கச் சேர்த்து எண்ணுங்கள்.

கடைசியாகப் புத்தக ஆஸ்பத்திரி. கிழிந்த புத்தகங்களை ஒரு மேசையில் பரப்பி, மெல்லிய வெள்ளைத்தாள் பட்டை, பசை, தூரிகை வைத்துப் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள். செலோ டேப் வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்கு மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து மூடி, மேலே கனமான இரண்டு புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது ஒட்டியவர்களுக்கே அதை முதலில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.