பல நாள் ராஃப்டிங்: சென்னையில் உட்கார்ந்தே செய்யும் தவறுகள்

பொங்கல் முடிந்த கையோடு எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "மே மாசம் பசங்களுக்கு லீவு. நாலஞ்சு நாள் ராஃப்டிங் போகலாம்னு இருக்கோம், இந்தப் பேக்கேஜ் எப்படி?" ராஃப்டிங் என்றால் ரப்பர் படகில் (அதுதான் ராஃப்ட்) துடுப்புப் போட்டு, பாயும் ஆற்றோடு இறங்கி வருவது. கேட்பவர் அடையாறிலிருந்து கேட்டாலும் அம்பத்தூரிலிருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் பேக்கேஜைத் திறந்து பார்த்தால் அதிலிருக்கும் ஓட்டைகளும் வருஷா வருஷம் அதேதான். ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் அவர்களுக்கு ஆறே வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகிற தவறுகள்தான் என் கவலை.

லீவைப் பார்த்து ஆற்றை முடிவு செய்வது

ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு சீசன் உண்டு. நம் பள்ளிக்கூட லீவுக்காக அது மாறாது. லடாக்கின் ஜன்ஸ்கார் ஆற்றில் ஜூலை, ஆகஸ்ட், மிஞ்சினால் செப்டம்பர் தொடக்கம் வரைதான் பயணம். ரிஷிகேஷில் நேரெதிர். ஜூலையும் ஆகஸ்டும் மழைவெள்ளம் என்பதால் மூடிவிடுவார்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை ஓடும். அருணாச்சலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில் துட்டிங்கிலிருந்து பாசிகாட் வரை போவது குளிர்காலத்தில். அதற்கு உள்நாட்டு அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். மே மாதத்துக்கு உத்தராகண்டின் டோன்ஸ் ஆறு பொருந்தும், ஆனால் அது பனி உருகி விறுவிறுவென்று ஓடிவரும் ஆறு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அக்டோபர், நவம்பரில் லீவு கிடைத்தால் நேபாளத்தின் சன்கோசியைப் பாருங்கள். இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில் அங்கே மழை ஓய்ந்திருக்கும். சுமார் 270 கிலோமீட்டர், எட்டு ஒன்பது நாள். பக்கத்திலேயே எங்காவது போதும் என்றால் தண்டேலியில் காளி ஆறு, குடகில் பரபொளே. இரண்டுமே சில மணி நேர ஆட்டம்தான். ஆசை இருக்கிறதா, பயம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

காசு வாங்குபவர் ஒருவர், ஆற்றில் இறக்குபவர் இன்னொருவர்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான். சென்னையில் விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப் குழு தொடங்கி, ஆள் சேர்த்துப் பணம் வாங்குபவரிடம் பெரும்பாலும் சொந்தமாக ஒரு துடுப்புகூட இருக்காது. அதில் தப்பில்லை, அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் அவர் உங்களை ரிஷிகேஷிலோ லடாக்கின் லேயிலோ யாரிடம் ஒப்படைக்கப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது. கடைசி வாரத்தில் யார் குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்கிறார்களோ அவர்கள்தான்.

வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் குழு அப்படித்தான் போனது. "ஐந்து நாள் கங்கை எக்ஸ்பெடிஷன்" என்று போட்டிருந்தது. முழுப் பணமும் முன்பே கட்டியாயிற்று. முதல் நாள் சிவ்புரியில் இறக்கி ரிஷிகேஷ் வரை கூட்டி வந்தார்கள். சுமார் 16 கிலோமீட்டர், சுற்றுலா வருகிற எல்லோரும் அரை நாளில் முடிக்கிற தூரம். சாயங்காலம் ஜீப்பில் ஏற்றி மறுபடி அதே முகாம். மறுநாள் காலை திரும்பவும் சிவ்புரி. மூன்றாம் நாள் "ஓய்வு நாள், கேம்ப் ஃபயர் உண்டு." ஆற்றில் இன்னும் மேலே இருக்கும் தேவப்பிரயாகையிலிருந்து இறங்குவதாகச் சொன்னீர்களே என்று கேட்டதற்குத் தண்ணீர் அளவு சரியில்லை என்றார் அங்கிருந்தவர். சென்னை நம்பருக்கு அடித்தால், "சார், அதெல்லாம் அங்க இருக்கிற டீம் பாத்துப்பாங்க." ஆளுக்கு ஐந்து நாள் லீவும், டேராடூன் வரை விமானக் காசும் போனதுதான் மிச்சம்.

அதைவிட என்னை உறுத்தியது அவர்கள் காட்டிய போட்டோ. ஆற்றில் ஒரே ஒரு ராஃப்ட். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கூட ஒரு கயாக்கும், அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகும் இல்லை. ராஃப்ட் கவிழ்வது இந்த விளையாட்டில் சாதாரணம். இரண்டாவது ராஃப்டும் ஒரு பாதுகாப்புக் கயாக்கரும் இருந்தால் அதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. கயாக்கர் முதலில் ரேப்பிடை, அதாவது தண்ணீர் கொந்தளித்துப் பாயும் இடத்தை, கடந்து, கீழே ஓரமாகத் தண்ணீர் சுழன்று நிற்கும் இடத்தில் காத்திருப்பார். விழுந்தவர் கயாக்கின் நுனியில் இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டால் போதும், கரைக்கு இழுத்து வந்துவிடுவார். ஒற்றை ராஃப்ட் கவிழ்ந்தால் காப்பாற்ற வேண்டியவர்களும் தண்ணீரில்தான் கிடப்பார்கள். சில இடங்களில் கயாக்கர் ஒருவர் வருவார், ஆனால் தலையில் கேமராவோடு. வீடியோ விற்பதுதான் அவர் வேலை. அவரைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கல்யாணத்துக்குச் சமையல்காரரை நேரில் பார்த்து, சாம்பாரை ருசி பார்த்து, அப்புறம்தானே அட்வான்ஸ் கொடுக்கிறோம்? இதற்கு மட்டும் ஏன் ஒரு போஸ்டரைப் பார்த்து முழுப் பணத்தையும் அனுப்புகிறோம் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

பணம் அனுப்பும் முன் ஆற்றில் உங்களைக் கூட்டிப் போகப் போகும் தலைமை வழிகாட்டியோடு பத்து நிமிஷம் போனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். அவர் லைனில் வந்தால், ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் இறங்கி எந்த ஊரில் ஏறுவோம், ராத்திரி எங்கே தங்குவோம், எத்தனை ராஃப்ட், சாமான்களுக்குத் தனி ராஃப்ட் உண்டா, கயாக்கர் எத்தனை பேர், ஓடும் நீரில் ஆளை மீட்கும் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஆற்றில் வாழ்கிற ஆள் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார், நாலு கதையும் சேர்த்துச் சொல்வார். "அங்க வந்து பேசிக்கலாம்" என்றால் அங்கே போகவே வேண்டாம்.

தண்ணீர் ஏறினால் இறங்கினால் திட்டம் மாறும், அது நியாயம்தான். ஆனால் மாறினால் என்ன, எந்தப் பகுதிக்கு மாற்றுவார்கள், எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என்னையும் ஒரு தடவை இப்படிக் கைமாற்றிவிட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு வாய்வார்த்தையை வைத்து வாதாடவே முடியாது.

பழைய பாதையை விற்பது

ருத்ரப்பிரயாகையிலிருந்து ரிஷிகேஷ் வரை இடைவிடாமல் அலக்நந்தாவில் வரலாம் என்று இன்னும் சில பேக்கேஜ்களில் பார்க்கிறேன். நடுவே உத்தராகண்டின் ஸ்ரீநகரில் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை) நீர்மின் அணை 2015-இலேயே இயங்க ஆரம்பித்துவிட்டது. ஜன்ஸ்கார் விளம்பரங்களில் "சாலையே இல்லாத பள்ளத்தாக்கு" என்று இருக்கும். எல்லைச் சாலைகள் அமைப்பு நிம்மு–பதும்–தார்ச்சா சாலையை 2024 மார்ச்சில் இணைத்துவிட்டது. அழகு கொஞ்சம் குறைந்தாலும், கை கால் உடைந்தால் வெளியேற வழி இருக்கிறது. கங்கைக் கரை மணலிலேயே கூடாரம் என்று படம் போட்டிருந்தால் அதையும் விசாரியுங்கள். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரையிலான பகுதியில் கரையோர முகாம்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கட்டுப்படுத்தியது.

தேவப்பிரயாகை மட்டும் பழசானாலும் மாறவில்லை. பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் எடுப்பது அங்கேதான், ரிஷிகேஷிலிருந்து சாலை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். அது பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். வீட்டில் பெரியவர்கள் இந்தப் பயணத்துக்கு முறுக்கிக்கொண்டால் இதைச் சொல்லிப் பாருங்கள், பலித்திருக்கிறது.

கிரேடு நம்பரைப் பார்த்து மயங்குவது

ஒன்று முதல் ஆறு வரை எண் போடுகிறார்கள். அந்த எண் ரேப்பிட் எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும். தண்ணீர் எவ்வளவு குளிர், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், நீங்கள் விழுந்தால் அடுத்த ரேப்பிடுக்கு முன் கரையேற இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. கௌடியாலாவுக்குப் பக்கத்தில் 'தி வால்' என்று ஒரு ரேப்பிட் உண்டு, கிரேடு நான்கு. சாலை பக்கத்திலேயே போகிறது. அதே கிரேடு நான்கு, நாகரிகத்திலிருந்து இரண்டு நாள் தள்ளி ஒரு குளிர் ஆற்றில் வந்தால் அது வேறு சமாச்சாரம். தண்ணீர் அளவு மாறினால் எண்ணும் மாறும். "இதைக் கரையோரமாக நடந்து கடக்க விரும்புபவர்கள் நடக்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல வழிகாட்டி சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

நீச்சல் தெரியும் என்ற தைரியம்

நீச்சல் தெரியாதவர்களைவிட, நன்றாகத் தெரிந்த சென்னைக்காரர்கள்தான் எனக்குப் பயம். மெரினாவிலும் எலியட்ஸிலும் அலை அடித்தால் காலை ஊன்றி நிற்பது நம் உடம்பில் ஊறிய பழக்கம். ஓடும் ஆற்றில் அப்படி நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் தண்ணீர் முகத்தைக் கீழே அமுக்கிவிடும். முழங்கால் ஆழமே இதற்குப் போதும். மல்லாந்து, கால் விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, பாதங்கள் ஓட்டம் போகும் திசையைப் பார்க்க மிதந்து வரவேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டதும் பக்கத்து ஆளை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள்.

லேயில் இறங்கிய மறுநாளே ஆறு

கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, டெல்லி வழியாகச் சில மணி நேரத்தில் 3,500 மீட்டரில் போய் இறங்குகிறோம். அந்த உயரம் உடம்புக்குப் பழகக் குறைந்தது இரண்டு முழு நாள் ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். அந்த இரண்டு நாளை வெட்டி விலை குறைத்த பேக்கேஜ் மலிவு இல்லை. உயரத்தால் வரும் உபாதைக்கான மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

காட்டன்

வேண்டாம். நனைந்தால் காயாது, குளிரும்.

இன்சூரன்ஸ்

பாலிசியில் "சாகச விளையாட்டுகள் நீங்கலாக" என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

போன் இருக்கிறதே என்பது

நம் ஊர் ப்ரீபெய்ட் சிம்மை லடாக்கில் நம்ப வேண்டாம், போஸ்ட்பெய்ட் இருந்தால் நல்லது. பள்ளத்தாக்குக்குள் போனபின் எதை நம்புவது என்பது வேறு கதை. வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கி வரலாமா என்று ஒருவர் கேட்டார். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அவசரத்துக்கு எப்படித் தகவல் அனுப்புவீர்கள் என்பதை நடத்துபவரிடம் கேளுங்கள்.

கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது

கழிப்பறை. நாலு நாள் ஆற்றங்கரையில் எப்படி என்று யாரும் கேட்பதில்லை, குறிப்பாகப் பெண்கள் கேட்கத் தயங்குகிறார்கள். முறையாக நடத்துபவர்கள் கூடாரக் கழிப்பறை போடுவார்கள், கழிவை ஆற்றை விட்டுத் தள்ளிப் புதைப்பதா, எடுத்துப் போவதா என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாதவிடாய் நாள் குறுக்கே வந்தால் சாமான் ராஃப்டில் தனி உலர் பை கிடைக்குமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு ரொட்டி, ராஜ்மா என்றுதான் போகும். சோறு வேண்டும் என்றால் அதையும் அந்தப் பத்து நிமிஷ போனிலேயே சொல்லிவிடுங்கள், அரிசி மூட்டை முதல் நாளே ராஃப்டில் ஏறியாக வேண்டும்.