பழைய கெப்புக்குச் சைலன்சர்: திருகோணமலை உப்புக்காற்றில் விடக்கூடாத பிழைகள்

பழைய கெப்பின் (பிக்கப் வண்டியின்) சைலன்சரில் ஓட்டை விழுந்து கராஜுக்குக் கொண்டுபோனால், "எப்படிச் சத்தம் வேணும்?" என்றுதான் பேச்சுத் தொடங்குகிறது. கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. எஞ்சின் டீசலா பெற்றோலா, டர்போ உண்டா இல்லையா, பின்பெட்டியில் ஏறுவது மீனா மணலா, இரவில் வண்டி நிற்கும் இடம் கடலுக்கு எவ்வளவு கிட்ட என்ற நாலுக்கும் பதில் தெரிந்தால் குழாயின் அளவும் உலோகமும் சைலன்சர்ப் பெட்டியின் வகையும் ஏறக்குறைய முடிவாகிவிடும். சத்தத்தில் ஆசைப்பட்டு மாற்றுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

டீசலில் வீ8 உறுமல் தேடுவது

இந்தப் பக்கம் ஓடும் பழைய கெப்புகளில் அநேகமானவை நாலு சிலிண்டர் டீசல். ஹைலக்ஸில் 2,446 சிசி 2எல் எஞ்சின் அல்லது 2,779 சிசி 3எல் எஞ்சின், நிசானில் 2,663 சிசி டிடி27, மிட்சுபிசி எல்200இல் 2,477 சிசி 4டி56. இவை எல்லாவற்றிலும் வெடிப்புகள் சம இடைவெளியில் விழும். அமெரிக்க வீ8 கெப்பின் அந்த உருண்ட உறுமல், ஒவ்வொரு பக்க நாலு சிலிண்டரிலும் வெடிப்புகள் முன்பின்னாக விழுவதால் வருவது. எஞ்சினில் இல்லாத சத்தத்தை எந்தப் பெட்டியாலும் உண்டாக்க முடியாது. இருப்பதில் சிலதை அடக்கத்தான் அதற்குத் தெரியும். டீசலில் பெட்டியைக் கழற்றினால் கிடைப்பது உறுமல் அல்ல, தண்ணீர்ப் பம்பின் தடதடப்பு.

கைப்பேசியில் காணொளி கேட்டுப் பெட்டி தெரிவு செய்வதும் இதோடு சேர்ந்த பிழை. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் அது நொடிக்கு ஏறத்தாழ 67 அதிர்வு. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அவ்வளவு தாழ்ந்த ஒலி வெளியே வருவதே இல்லை. ஆனால் கெப்பின் அடைத்த அறைக்குள் தலையை இடிப்பது அந்த ஒலிதான். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஏ6 வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது 1,800 முதல் 2,200 சுற்றுக்குள் எழும் "கும்" என்ற இரைச்சல், நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கும்போது தெரியாது. ஆகவே வாங்குமுன் அதே எஞ்சினில் அதே பெட்டி போட்ட வண்டியில் பத்து நிமிடம் ஏறி இருந்து பாருங்கள், கண்ணாடி ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை.

இந்த இரைச்சலைக் கொல்ல முனை மூடிய பக்கக்குழாய் ஒன்றை வெல்ட் செய்து ஒட்டும் யோசனையும் அடிக்கடி வரும். கணக்குச் சரிதான், இடம்தான் இல்லை. 300 பாகை சூட்டில் வாயுவுக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீற்றர் போகும். 67 அதிர்வை அடக்கக் குழாய் அலைநீளத்தில் காற்பங்கு, அதாவது 1.8 மீற்றர் நீளம் வேண்டும். அதற்குப் பதில் பெரிய பெட்டி போடுவது லேசு. எஞ்சின் கொள்ளளவில் ஐந்து மடங்குக்குக் குறையாத பெட்டியைக் கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்: 2.5 லீற்றர் எஞ்சினுக்கு 12.5 லீற்றரும் அதற்கு மேலும்.

பெட்டியின் உள்ளே

பழைய பெட்டியை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவது மலிவான வேலை. வெறும் தகரப் பறை ஒன்று கிடைக்கும். வெளித்தகடு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் இருப்பதால் அதுவே அதிர்ந்து கரகரக்கும், சில மாதத்தில் மடிப்பு ஓரமாக வெடிக்கும்.

துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த நேர்வழிப் பெட்டி பெற்றோல் எஞ்சினில் நன்றாகவே இருக்கும். பழைய டீசலில் கரி அந்தப் பஞ்சில் ஊறிக் கட்டிப்போகும், அல்லது பஞ்சு துளைவழியே பறந்துபோகும். புதிதில் இதமாக இருந்த சத்தம் போகப்போக ஏறிக்கொண்டே வரும். பொதி ஏற்றும் டீசலுக்கு அறைகளும் திருப்பிவிடும் குழாய்களும் கொண்ட, அசல் மாதிரிப் பெட்டியே ஏற்றது. டர்போ உள்ள 4டி56 போன்றவை வேறு கதை. புகைவழியில் சுழலும் டர்போ சக்கரமே சத்தத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் அங்கு நேர்வழிப் பெட்டியும் அவ்வளவு கத்தாது. அம்புக்குறி போட்ட பெட்டியை மறுபக்கமாகப் பூட்ட வேண்டாம்.

குழாய் பெருத்தால் இழுவை கூடும் என்பதும் அரைகுறை உண்மை. டர்போ இல்லாத 2.4, 2.7 லீற்றர் டீசலுக்கு 2 அங்குலக் குழாய் தாராளம். டர்போ என்றால் 2½. அதற்குமேல் போனால் இழுவையில் பெரிதாக ஒன்றும் தெரியாது, இரைச்சல் மட்டும் தெரியும். மறுபுறம், எஞ்சினுக்குப் பின்னழுத்தம் (புகை போகும் வழியில் ஒரு தடை) கட்டாயம் வேண்டும் என்று சொல்லிக் குழாயை ஒடுக்குவதும் பிழை. வளைவில் குழாய் நசுங்கி 2 அங்குலம் 1¾ ஆனால் போகும் வழியில் ஏறத்தாழ காற்பங்கு போய்விடும். மணல் அடைத்துச் சூடாக்கி வளைப்பதென்றால் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமணல் உள்ளே ஆவியாகி அடைப்பை வெடியாய்த் தெறிக்கவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெட்டி மாற்றுவது

"சைலன்சர் போய்விட்டது" என்று வரும் வண்டிகள் பலவற்றில் பெட்டி நலமாக இருக்கும். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்துக் குழாய்க்கு விடும் மெனிபோல்டின் கேஸ்கட் எரிந்தால் வரும் "டிக் டிக்" வால்வுச் சத்தம் போலவே கேட்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த கையுறையோடு பழந்துணியால் வால்குழாயைச் சில நொடி பொத்துங்கள். ஓட்டை உள்ள இடத்தில் "புஸ்" என்று கேட்கும். கரி படிந்த கறுப்புக் கோடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் மவுண்ட் இறங்கிக் குழாய் சேசிஸில் முட்டினாலும் கேபின் முழுக்க அதிரும். அதற்கு எத்தனை பெட்டி மாற்றியும் பலனில்லை.

கறுப்புப் புகைக்கும் பெட்டிக்கும் தொடர்பு குறைவு. இன்ஜெக்டர், பம்ப், அடைத்த காற்றுவடி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருட வரிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் டீசல் வண்டியின் ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதித்துப் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள். புதுப் பெட்டி அதைக் காப்பாற்றாது.

உப்பு, மீன்தண்ணீர், ஜீ.ஐ. குழாய்

இங்கு சைலன்சரைத் தின்பது ஓட்டம் அல்ல, கறள். அது இரண்டு பக்கமும் தின்னும். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. உப்புவெளியிலிருந்து பட்டணத்துக்கும் திரும்பவும் என்று குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் பெட்டி முழுதாகச் சூடேறாமல், கந்தக அமிலம் கலந்த அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும். வெளியே கடற்காற்று. மீன் ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று: மீன் வைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் பின்பெட்டித் தகட்டின் இடைவெளியால் நேரே சூடான சைலன்சரின் மேல் சொட்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மீன் ஏற்றும் கெப்பில் பெட்டியின் மேல்முகம் முதலில் உக்குவதற்குக் காரணம் இதுதான். அந்த இடைவெளிகளை அடைத்து, தண்ணீர் ஒரு பக்கமாக வெளியே போகக் குழாய் வைத்துவிட்டுப் பிறகு புதுப் பெட்டி பூட்டுங்கள்.

சாதாரண இரும்பு மலிவு, ஆனால் ஆயுள் குறைவு. அலுமினியம் பூசிய எஃகு நடுத்தரம். ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்துவிடுவதால் அங்கே சூடு தாங்கும் பூச்சுத் தேவை. கறைபடா எஃகு என்று சொல்லி விற்பதில் 409 வகையும் உண்டு, 304 வகையும் உண்டு. 304இல் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம். 409இல் நன்றாக ஒட்டும். அதனால் காந்தம் ஒட்டும் பெட்டியை, கறைபடா எஃகு என்று சொல்லி 304 விலைக்குக் கொடுத்தால் வாங்க வேண்டாம். 304உம் உப்பில் புள்ளிபுள்ளியாகக் கறுக்கும், ஆனாலும் இலகுவில் உக்காது. அதை இரும்புக் குழாயோடு ஒட்ட 309எல் வெல்டிங் கூர் வேண்டும். சாதாரணக் கூரால் ஒட்டினால் தையலிலேயே கறள் பிடிக்கும்.

கடையில் கைக்குக் கிடைக்கிறது என்பதால் தண்ணீருக்குப் போடும் ஜீ.ஐ. குழாயை வெட்டிப் போடுவதுதான் இதில் மிக மோசம். ஒட்டும்போது நாகப்பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை, ஒட்டுகிறவருக்கு அன்றிரவே நடுக்கலும் காய்ச்சலும் கொண்டுவரும். சூட்டில் பூச்சும் உரிந்துவிடும். அளவும் பொருந்தாது: 2 அங்குல ஜீ.ஐ. குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர், 2 அங்குலச் சைலன்சர் குழாயின் வெளிவிட்டம் 50.8. பெட்டி வாயின் உள்விட்டத்தையும் குழாயின் வெளிவிட்டத்தையும் கலிப்பரால் அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று 40 முதல் 50 மில்லிமீற்றர் நுழைய வேண்டும்.

பூட்டும்போது

எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேசிஸ் ஆடாது. இடையில் இருக்கும் ஸ்பிரிங் போட்ட பந்து மூட்டில் புகை ஒழுகுகிறது என்று அதை ஒரேயடியாக வெல்ட் செய்தால், அடுத்து உடைவது மெனிபோல்ட். அந்த மூட்டின் வளையத்தை மாற்றுங்கள், அல்லது வளையும் குழாய் ஒரு துண்டு போடுங்கள். ரப்பர் தொங்கிக்குப் பதில் கம்பி கட்டினாலும் இதே கதிதான்.

வண்டியை ஜாக்கில் தூக்கி, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போது வால்குழாயை வளைத்தால் கணக்குத் தப்பும். பொதி ஏறியதும் அச்சு மேலே வந்து குழாயில் இடிக்கும். சில்லு தரையில் இருக்க, அச்சுக்கு மேலே குறைந்தது 75 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். பிரேக் குழாய்க்கும் டீசல் குழாய்க்கும் அருகே போனால் வெப்பத்தகடு போடுங்கள். வெல்ட் செய்யுமுன் பற்றரி வயர்களைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்னோட்டம் பெயாரிங் வழியே போய் அதைத் தின்றுவிடும்.

குழாயைக் கேபினுக்கு அடியிலோ பின்சில்லுக்கு முன்னாலோ முடிப்பது அழகுக்காகச் செய்யும் ஆபத்து. புகை பின்கண்ணாடி வழியாக உள்ளே வரும், பின்பெட்டியில் இருப்பவர்களுக்கும் நேரே அடிக்கும். பெற்றோல் கெப்பில் அது காபன் மோனொக்சைட்டு, மணமே இராது. ஏசி போட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் உயிருக்கே உலை. குழாய் பின்பெட்டியின் விளிம்பைத் தாண்டி முடியட்டும்.

பெட்டியின் பின்முனையில், ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் தேங்கும் தண்ணீர் வடியும். மாரி தொடங்கமுன் அதைக் கம்பியால் குத்தித் திறந்து பாருங்கள், கரி அடைத்திருக்கும். பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். மெனிபோல்டில் பித்தளை நட் போட்டிருந்தால் அடுத்த தடவை கழற்றும்போது ஸ்டட் முறியாது.