பிரிண்டர் "ஆயுள் முடிந்தது" என்கிறதா? அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

பிள்ளையின் ஹால் டிக்கெட்டை எடுக்க வேண்டிய காலையில்தான் இது வரும். மை இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, நேற்று வரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் இன்று இரண்டு விளக்குகளை மாற்றி மாற்றி மினுக்கிக்கொண்டு நிற்கும். கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி திறந்து, உள்ளே இருக்கும் பாகங்களின் ஆயுள் முடிந்துவிட்டது, சர்வீஸ் சென்டருக்குப் போ என்று சொல்லும். மூடினால் மறுபடி அதே பெட்டி.

இந்த வாசகத்தைப் படித்துவிட்டு மோட்டார் போச்சு, ஹெட் (தாளில் மை தெளிக்கும் பாகம்) போச்சு என்று நினைத்து எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவதுதான் முதல் தவறு, காசு அதிகம் போகும் தவறும் இதுதான். வீட்டு இங்க்ஜெட்டில் இந்தச் செய்தி பெரும்பாலும் ஒரே ஒரு பொருளைப் பற்றியது. அது வேஸ்ட் இங்க் பேட், அதாவது கழிவு மையைக் குடிக்கும் பஞ்சு. ஹெட் கிளீனிங், அதாவது ஹெட்டின் அடைப்பை எடுக்கும் வேலை, செய்யும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு பம்ப் ஹெட்டிலிருந்து மையை உறிஞ்சி, ஒரு சின்ன டியூப் வழியாகக் கொண்டுபோய் இந்தப் பஞ்சில் விடுகிறது. ஓரம் விடாமல் போட்டோ அடித்தால் தாளுக்கு வெளியே தெறிக்கும் மையும் இன்னொரு பஞ்சுக்குப் போகும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இப்படி நிறுத்தும் பெரும்பாலான வீட்டு மாடல்களில் பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க எந்த சென்சாரும் கிடையாது. பிரிண்டர் கணக்கு மட்டும் எழுதுகிறது, பால்காரர் காலண்டரில் குறித்து வைப்பது மாதிரி. இந்தக் கிளீனிங்குக்கு இத்தனை புள்ளி, அந்தக் கிளீனிங்குக்கு இத்தனை புள்ளி என்று ஒரு மெமரி சிப்பில் கூட்டிக்கொண்டே போய், ஒரு எண்ணைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிடும். ஆக உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு வேலைகள்: பஞ்சை மாற்றுவது, கணக்கை அழிப்பது. ஒன்றைச் செய்து மற்றதை விடுவதால் வரும் வினைதான் மற்றதெல்லாம்.

நானே அந்த வினையை அனுபவித்தவன். கடையில் பத்து நிமிடத்தில் ரீசெட் செய்து, அதாவது கணக்கை மட்டும் அழித்து, கையில் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன், பஞ்சை மாற்றினீர்களா என்று கேட்கவே தோன்றவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து மேஜை விரிப்பில் ஒரு கரும்வட்டம். டீ கொட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுவாரம் அது உள்ளங்கை அளவு ஆனது. பிரிண்டரைத் தூக்கிப் பார்த்தால் அடித்தட்டின் இணைப்பு வழியாக மை சொட்டுச் சொட்டாக இறங்கி, ரப்பர் கால்களை நனைத்து, பலகை இடுக்கில் புகுந்து, கீழே டிராயரில் இருந்த வாடகை ஒப்பந்தத்தின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. நான்கு நிறமும் கலந்து கத்தரிப்பூவும் இல்லாத கருப்பும் இல்லாத ஒரு நிறம். சோப்பு, எண்ணெய், எலுமிச்சை எதற்கும் அசையவில்லை, மூன்று நாள் கையைப் பார்த்தவர்களெல்லாம் ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டார்கள். மேஜை போனால் போகட்டும், மை பவர் சப்ளை பக்கம் போயிருந்தால் கதையே வேறு.

கணக்கை அழிக்க நெட்டில் தேடுவது அடுத்த ஆபத்து. எப்சன் சர்வீஸ் சென்டர்களுக்கென்று இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம் ஜிப் ஃபைலாக ஊரெல்லாம் சுற்றுகிறது, கூடவே "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்ற அறிவுரையும். நெட் பேங்கிங் செய்யும் அதே கம்ப்யூட்டரில் யாரோ முகம் தெரியாதவர் சொன்னார் என்று காவலை எடுத்துவிடலாமா? அதோடு அந்த புரோகிராம் மாடலுக்கு மாடல் வேறு. எப்சன் எல்3110 பிரிண்டருக்கு வேறு மாடலுக்கானதைப் போட்டு அழுத்தினால் சிப்பில் எங்கே என்ன எழுதும் என்று சொல்ல முடியாது. காசு கொடுத்து கீ வாங்கிப் பயன்படுத்தும் ரீசெட் மென்பொருள்களும் உண்டு, ஒரு கீ ஒரு தடவைக்குத்தான். வட அமெரிக்காவில் எப்சனே விண்டோஸுக்கு இலவச ரீசெட் கருவி கொடுக்கிறது, ஆனால் ஒரே ஒரு முறை, அதுவும் பஞ்சை மாற்றும் வரை கொஞ்ச நாள் ஓட்டிக்கொள்ள. நமக்கு நல்ல கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, பஞ்சையும் மாற்றி ரீசெட்டும் செய்து, கழற்றிய பழைய பஞ்சை என் கண்ணில் காட்டுங்கள் என்று கேட்பதே மேல்.

அதற்கு முன் மாடலைப் பாருங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கேனான் ஜி2020, ஜி3020 மாதிரி மாடல்களில் எம்சி-ஜி02 என்றும், எப்சன் எல்6160-இல் டி04டி1 என்றும் ஒரு மெயின்டெனன்ஸ் பெட்டி இருக்கிறது. பழையதை உருவிப் புதியதைச் செருகினால் முடிந்தது, சாஃப்ட்வேரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். பழைய ஜி2010, ஜி3010-இல் அந்த வசதி இல்லை. ஆனால் அவை முதலில் சின்னத் திரையில் ஈ08 என்று காட்டும். பஞ்சு கிட்டத்தட்ட நிறைந்தது, பட்டனை அழுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று அர்த்தம். பி07 (P07) வந்த பிறகுதான் முழு நிறுத்தம். ஈ08 வரும்போதே பஞ்சுக்கு ஆர்டர் போடாமல் தினமும் பட்டனை அழுத்தி அழுத்தி ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம்.

சரி, நானே கழற்றுகிறேன் என்பவர்களுக்கு. டயப்பர், மருந்துக்கடைப் பஞ்சு, டிஷ்யூ எதையும் உள்ளே திணிக்காதீர்கள். டயப்பரில் இருக்கும் ஜெல் உப்பிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும், சாதாரணப் பஞ்சு நூல் நூலாகப் பிரியும். பழையதைக் கழுவிப் போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் மாற்றி, பிறகு நாள்கணக்கில் காய வேண்டும். ஈரத்தோடு திரும்ப வைத்தால் பாதி நிறைந்த பஞ்சை வைத்த மாதிரிதான். பிக்மென்ட் கருப்பு மை (கரையாத நிறத்தூள் கலந்த மை) ஓடும் மாடல் என்றால் பஞ்சுக்குள் சேறு மாதிரி இறுகியிருக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் துண்டு துண்டாக அடுக்கியிருப்பார்கள், வரிசை மாறினால் மூடி உட்காராது. டியூப் மறுபடி சரியாகச் செருகியிருக்கிறதா, எங்கேயும் மடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்க்ரூவை முறுக்கினால் பஞ்சு புதிதாகவே இருக்கும், மை மட்டும் வெளியே ஓடும்.

பிரான்சில் 2017-இல் ஹாப் என்ற நுகர்வோர் அமைப்பு, பிரிண்டர்களை வேண்டுமென்றே சீக்கிரம் சாகவிடுகிறார்கள் என்று அரசு வழக்கறிஞரிடம் புகாரே கொடுத்தது, அதில் இந்தப் பஞ்சு விவகாரமும் உண்டு. என்னைக் கேட்டால் பஞ்சு நிறைவது நிஜம். ஒரு துண்டுப் பஞ்சுக்காகப் பிரிண்டரே செத்த மாதிரி பயமுறுத்தும் அந்த வாசகமும், பஞ்சைக் கைக்கு எட்டாமல் வைத்ததும்தான் அநியாயம்.

பஞ்சு சீக்கிரம் நிறைய நம் பங்கும் இருக்கிறது. வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி அணைப்போம். அப்படி அணைத்தால் ஹெட் சில நேரம் மூடியில் போய் உட்காராமல் நடுவழியில் நின்று காய்ந்துபோகும், அடுத்த தடவை கோடு கோடாக வரும், உடனே கிளீனிங், இன்னொரு கிளீனிங், அத்தனையும் பஞ்சுக்கு. பிரிண்டரின் சொந்த பட்டனில் அணைத்து, விளக்கு நின்ற பிறகு சுவிட்சைத் தொடுங்கள். மூன்று தடவை கிளீன் செய்தும் நாஸில் செக்கில் (மைத்துளைகளைச் சோதிக்க அடிக்கும் பக்கத்தில்) கோடு விட்டால் நான்காவதை அழுத்தாமல் 12 மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள், காய்ந்த மை இளகிவிடும். வாரம் ஒரு கலர் பக்கம் அடித்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை பாதி வராது.

அப்புறம், கடைக்குக் கொண்டுபோவதென்றால் தயவுசெய்து ஸ்கூட்டர் முன்னால் சாய்த்து வைத்துப் போகாதீர்கள். நிறைந்த பஞ்சும் டேங்க் மையும் ஒரே நேரத்தில் கவிழும். ஆட்டோ பிடித்து மடியில் மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே பழைய தினசரி நாலு மடிப்பு, அதுவும் வெள்ளை வேட்டி கட்டாத நாளில்.