மழைக்காலப் பெட்டி: காலாவதித் தேதியைக் கண்காணிக்க ஒரு தாள் போதும்

மிக்ஜாம் புயலுக்குப் (டிசம்பர் 2023) பிறகு சென்னையில் பல வீடுகளில் அவசரப் பெட்டி ஒன்று வந்துவிட்டது. டார்ச், பேட்டரி, ஓ.ஆர்.எஸ்., பால் பவுடர், அவல், பிஸ்கட், மாத்திரைகள். என்னென்ன வாங்குவது என்பதற்கு ஏகப்பட்ட பட்டியல்கள் கிடைக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். வாங்கியது பெட்டிக்குள்ளேயே கிடந்து வீணாகாமல் பார்ப்பதுதான் இங்கே விஷயம்.

தேவை: மாஸ்கிங் டேப், அழியாத மார்க்கர், ஒரு முழுத்தாள். இதற்கென்று செயலிகள் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. கடைப் பொருள்களில் இருக்கும் சாதாரண பார்கோடு அது என்ன பொருள் என்று மட்டும்தான் சொல்லும். தேதியை எப்படியும் நாம்தான் தட்ட வேண்டும். அதைவிட, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுவது தாளை ஒட்டும் பீரோ கதவு, என் போன் அல்ல.

படி 1: தேதியைக் கண்டுபிடிப்பது

பாதி நேரம் இதற்கே போகும், அவசரப்படாதீர்கள்.

மருந்தில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். களிம்பு டியூபில் தேதி வாலில் மை இல்லாமல் அழுத்தியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும். டியூபை வாலிலிருந்து சுருட்டினால் தேதியும் உள்ளே சுருண்டுவிடும். மாத்திரை அட்டையில் தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிய்த்துச் சாப்பிடுங்கள். கடைக்காரர் அட்டையை வெட்டித் தந்தால் தேதியைக் கேட்டு, அங்கேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

உணவுப் பொட்டலத்தில்தான் சிக்கல். ‘பேக் செய்ததிலிருந்து 9 மாதம்’ என்று ஒரு மூலையில் இருக்கும், பேக் செய்த தேதி வேறு மூலையில் இருக்கும். பிப்ரவரி 10 என்றால் நவம்பர் 10, சரியாக மழையின் நடுவில். செப்டம்பரில் வாங்கும்போது நன்றாகத்தான் தெரியும். அதனால் என் விதி: பொங்கலைத் தாண்டாத தேதி உள்ள எதுவும் பெட்டிக்குள் போகாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டப்பா என்றால் அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/08 என்பது மே 8.

படி 2: டேப்

கண்டுபிடித்த தேதியை டேப்பில் பெரிதாக எழுதி, பொருளின் பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள். பொட்டலத்தில் அச்சிட்ட மை சில மாதம் உரசினாலே போய்விடும். பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்காதீர்கள், கசிந்தால் டார்ச்சும் போச்சு. எமர்ஜென்சி லைட்டுக்குத் தேதி கிடையாது, அதற்கு ‘அடுத்த சார்ஜ்’ என்று நீங்களே ஒரு மாதம் போடுங்கள். கண் சொட்டு மருந்தில் திறந்த தேதியை எழுதுங்கள். திறந்தபின் பெரும்பாலானவை ஒரு மாதம்தான்.

படி 3: மாதத் தாள்

பொருள் வாரியாகப் பட்டியல் போட்டால் அதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. தாளில் 12 மாதங்களை எழுதுங்கள். ஒவ்வொரு பொருளையும் அது காலாவதியாகும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் எழுதுங்கள். பால் பவுடர் ஜூனில் முடிகிறதா, ஏப்ரலுக்கு எதிரே எழுதுங்கள். ஏப்ரல் வந்ததும் அது சமையலறைக்குப் போகும், புதியது பெட்டிக்கு வரும். அடுத்த வருடம் முடிவதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதலாம்.

படி 4: வருடத்துக்கு இரண்டு நாள்

ஆயுத பூஜைக்கு எப்படியும் வீட்டைத் துடைக்கிறோம், வடகிழக்குப் பருவமழைக்கும் அது சரியான நேரம். அன்று பெட்டியைக் கவிழ்த்து எல்லாவற்றையும் பாருங்கள். இன்னொன்று போகி. மிஞ்சிய பிஸ்கட், அவலைச் சாப்பிட்டுத் தீர்க்கலாம். பழைய மாத்திரைகளை மட்டும் போகி நெருப்பில் போடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: கேஸ் சிலிண்டருக்கும் காலாவதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். சிலிண்டர் தலைப்பகுதியில் வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உள்பக்கம் ‘சி-27’ போல எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, இப்படியே டி வரை. சி-27 என்றால் 2027 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டும். தேதி கடந்திருந்தால் கொண்டுவருபவரிடமே திருப்பிக் கொடுங்கள். ரப்பர் குழாயிலும் தேதி உண்டு, அதையும் தாளில் ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: “பெட்டி பிஸ்கட்டைப் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள், தாளில் மட்டும் இருக்கிறது” என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். தின்னட்டும். பொட்டலத்தைப் பிரிப்பவர் அந்த டேப்பை உரித்துத் தாளின் ஓரத்தில் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தில் இருப்பதெல்லாம் அடுத்த மளிகைப் பட்டியலில் சேரும். மலிவான செலோடேப் உரிக்கும்போது கிழியும், மாஸ்கிங் டேப்பே வாங்குங்கள்.