வன்னியில் சைக்கிள் ஓட வழிகாட்டி: கைபேசியா, தனி ஜிபிஎஸ் கருவியா?

காசு செலவழிக்குமுன் ஓடப்போகும் பாதையைப் பாருங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதி சுமார் 50 கிலோமீற்றர். அதில் வழிகாட்டியே தேவையில்லை. இரணைமடு வாய்க்கால் வீதிகள், துணுக்காய், மல்லாவி உள்வீதிகள், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டுப்பாதைகள் என்று இறங்கும்போதுதான் அது வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வருவதும் அங்கேதான்.

சிக்னல் இல்லாவிட்டால் கைபேசி வழிகாட்டாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து நேரே வருகிறது, அதற்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டேட்டா கேட்பது வரைபடம்தான். ஆகவே கையிலிருக்கும் கைபேசியிலேயே தொடங்குங்கள்.

படி 1: வரைபடத்தை வீட்டிலேயே இறக்குங்கள்

ஓர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்அண்ட் செயலியை நிறுவி, இலங்கை வரைபடத்தை வைஃபையில் தரவிறக்குங்கள். கூகுள் மேப்ஸில் பகுதியைச் சேமித்து வைத்தாலும், இணையம் இல்லாத இடத்தில் அது வாகன வழியை மட்டுமே தரும். சைக்கிள் வழி தராது. ஓஸ்ம்அண்டில் சைக்கிளைத் தெரிவுசெய்து, செப்பனிடாத வீதிகளைத் தவிர்க்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் குறுக்கு வழியென்று குளக்கட்டிலும் கிரவல் பாதையிலும் ஏற்றிவிடும். மெல்லிய ரயர் போட்ட சைக்கிளுக்கு அது சரிவராது.

படி 2: சோதியுங்கள்

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வீட்டிலிருந்து பக்கத்து ஊருக்கு வழி கேளுங்கள். வழி வந்தால் தயார். டேட்டா இல்லாமல் முதல்முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கலாம். சிக்னல் உள்ள இடத்திலேயே செயலியைத் திறந்து, நீலப்புள்ளி வந்தபின் புறப்படுங்கள்.

படி 3: பற்றரியும் வெயிலும்

கைபேசி தோற்பது இங்கேதான். திரை தொடர்ந்து எரிந்தால் நாலைந்து மணி நேரத்தில் பற்றரி தீரலாம். காட்டுக்குள் சிக்னலைத் தேடித் தேடியும் அது வடியும். அதனால் அங்கே விமானப் பயன்முறையில் ஓடுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்யும், அழைப்பு மட்டும் வராது. திரையை அணைத்து, சந்திக்குச் சந்தி குரலைக் கேட்டுத் திரும்புவது நல்ல பழக்கம். 10,000 எம்ஏஎச் பவர்பாங்க் உண்மையில் கொடுப்பது ஏறக்குறைய 6,000 தான், மிச்சம் மின்னழுத்த மாற்றத்தில் போய்விடும். 5,000 எம்ஏஎச் கைபேசியை ஒருமுறை நிரப்பிக் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவே.

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்ப எல்லை 35 பாகை. வன்னியின் மத்தியான வெயிலில் ஹாண்டிலில் பூட்டிய கைபேசி அதை எளிதில் தாண்டும். திரை மங்கும், சார்ஜ் ஏறாது. வெயில் ஏறியதும் கழற்றிப் பைக்குள் வையுங்கள். மழைக்குப் பொலித்தீன் உறை போடலாம், ஆனால் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது.

படி 4: தனிக்கருவி எப்போது?

ஒரே நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடுபவருக்கும் மாரியில் ஓடுபவருக்கும் அது உண்மையாகவே பெறுமதியானது. கார்மின் எட்ஜ், வாஹூ, பிரைட்டன் போன்றவற்றின் நடுத்தர மாதிரிகளின் பற்றரி 15 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். திரை நேர்வெயிலிலும் தெளிவாகத் தெரியும், பொத்தான் உள்ளவை ஈரக்கைக்கும் வேலை செய்யும். மற்றவர்கள் கைபேசியோடு நிற்பதே நல்லது. கருவி வாங்கினாலும் கைபேசியைப் பையில் வையுங்கள். அவசரத்துக்கு அழைக்க அதுதான்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கருவியில் பெரும்பாலும் அந்த நாட்டு வரைபடம்தான் இருக்கும். இங்கே திறந்தால் வெற்றுத் திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் நிற்கும். வரைபடம் ஏற்றக்கூடிய மாதிரியா என்று வாங்குமுன்னரே கேளுங்கள். கார்மின் எட்ஜ் என்றால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து செய்த இலங்கை ஐஎம்ஜி கோப்பை (கார்மின் படிக்கும் வரைபடக் கோப்பு) 'கார்மின்' கோப்புறையில் போடுங்கள். வழியைக் கணினியில் வரைந்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக 'நியூஃபைல்ஸ்' கோப்புறையில் இடுங்கள். வரைபடம் இல்லாத மலிவு மாதிரி வழிக்கோடு ஒன்றை மட்டும் காட்டும். தெரிந்த பாதைக்கு அதுவும் போதும்.

படி 5: வழியைக் கண்ணால் சரிபாருங்கள்

எந்தக் கருவியானாலும் திறந்தவெளியில் ஐந்து மீற்றர் அளவு பிசகும், மரநிழலில் இன்னும் கூடும். வாய்க்காலின் இரு கரையிலும் பாதை ஓடும் இடத்தில் மறுகரையில் நிற்பதாகக் காட்டலாம். பாலத்தைத் தாண்டியதும் ஒருமுறை நின்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்தால் வரைபடத்திலுள்ள பாதை தண்ணீருக்கடியில் கிடக்கும். காட்டுவழி என்றால் யானை நடமாட்டத்தைப் பக்கத்துக் கடையில் விசாரித்து, பொழுதுபடுமுன் பிரதான வீதிக்கு வரக்கூடியதாக நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

கண்ணிவெடி அகற்றப்படாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன, எந்தச் செயலியும் அவற்றைக் காட்டாது. வரைபடத்தில் கோடு இருந்தாலும், ஆள் நடமாட்டமில்லாத தடத்தில் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பி, வந்த தடத்திலேயே வெளியேறுங்கள். இனந்தெரியாத பொருள் கிடந்தால் தொடாமல், இடத்தைச் செயலியில் குறித்துக்கொண்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.