சின்ன விமானத்துக்கு பேனல் ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் பாத்து வாங்குறது எப்படி

வேலூர் பக்கம் சொந்த விமானம் வச்சிருக்கவங்க ரொம்ப கம்மிதான், ஆனா அப்துல்லாபுரத்துல ஓடுபாதை வேலை ஆரம்பிச்சதுல இருந்து பழைய செஸ்னா குட்டி விமானம் ஒண்ணு வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, ஜக்கூர்லயோ சென்னையிலயோ பறக்க கத்துக்கினு வந்த பசங்க, இப்படி நிறைய பேர் கேக்குறாங்க. எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் பண்ற கார்மின் கம்பெனி பேரை சொல்லி, "எந்த கார்மின் வாங்கட்டும்?" அது கடைசியா கேக்க வேண்டிய கேள்விங்க. எங்க பறக்கப்போறீங்க, உங்க பேனலுக்கு (பைலட் முன்னாடி மீட்டருங்க இருக்கிற பலகை) பின்னாடி இன்னா இருக்கு, பேப்பர் சரியா வருமா, இந்த மூணுக்கும் பதில் கையில இருந்தா எந்த பெட்டின்றது தானா முடிவாயிடும்.

முதல்ல ரூட். வேலூர்ல இருந்து பெங்களூர் பக்கம் போறதுக்கு காலையில வானம் தெளிவா இருந்தா ஜிபிஎஸ்ஸே தேவையில்ல, கீழ பாலாறு மணல், பக்கத்துலயே 48 நம்பர் ஹைவே, ரயில் லைன், ஆம்பூர், வாணியம்பாடி, இடது பக்கம் ஜவ்வாது மலை, அப்புறம் ஏலகிரி, ஜோலார்பேட்டை ஜங்ஷன் வந்தா எங்க இருக்கோம்னு குழந்தைக்கும் தெரியும். அப்போ ஜிபிஎஸ் எதுக்கு? கண்ணுக்கு தெரியாததுக்கு. கிழக்கால திரும்பினா அரக்கோணத்துல ஐஎன்எஸ் ராஜாளி, 1992ல இருந்து கடற்படையோட பெரிய விமான தளம், அதை சுத்தி இருக்கிற வான் எல்லை ஜன்னல் வழியா பாத்தா தெரியாது, ஸ்க்ரீன்ல கோடா வந்தாதான் தெரியும். அதுக்கும் தாண்டி போனா சென்னையோட கட்டுப்பாட்டு வான்வெளி. அதனால மேப் பெருசா இருக்கா கலர் அழகா இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி, ஏர்ஸ்பேஸ் எல்லையை காட்டுதா, கிட்ட போகும்போது எச்சரிக்கை குடுக்குதான்னு பாருங்க.

அதோட சேத்து டேட்டாபேஸ், அதாவது செட்டுக்குள்ள இருக்கிற ஏர்போர்ட், வான்வெளி தகவல். இது 28 நாளுக்கு ஒரு தடவை மாறும், உலகம் பூரா ஒரே சுழற்சி. பிராந்தியம் பிராந்தியமாதான் விப்பாங்க, அமெரிக்காவுல இருந்து வர்ற பழைய செட்டுல அமெரிக்க டேட்டா மட்டும் இருக்கும், நம்ம ஊர் தகவல் வேணும்னா தனியா சந்தா கட்டணும். பெட்டி விலையோட வருஷ சந்தாவையும் கூட்டி பாத்தா எது மலிவுன்ற கணக்கு பல சமயம் தலைகீழா மாறிடும்.

மலையையும் விட்டுடாதீங்க. ஏலகிரி சுமாரா 1,100 மீட்டர், அதாவது 3,600 அடி, மழைக்கு முன்னாடி புழுதி மூட்டமா இருக்கிற நாள்ல 3,000 அடியில பறக்குறவனுக்கு அது சுவர் மாதிரி. முன்னாடி மலை மேடு வந்தா சொல்ற டெரெய்ன் எச்சரிக்கை இருக்கிற செட்டா எடுங்க.

இப்போ ரேடியோ. ஜனங்க ஜிபிஎஸ்ஸுக்கு காசை எல்லாம் கொட்டிட்டு ரேடியோவுக்கு மிச்சம் மீதியை ஒதுக்குறாங்க, எனக்கு இது சுத்தமா பிடிக்காத விஷயம், ஏன்னா ஜிபிஎஸ் போனா மேப்பையும் பாலாத்தையும் பாத்து வந்துடலாம், ரேடியோ போனா பக்கத்துல எவன் வரான்னே தெரியாது. எத்தனை வாட்ன்றதுதான் விளம்பரத்துல பெருசா போடுவாங்க, 10 வாட், 16 வாட்னு. கொஞ்சம் கணக்கு பாருங்க. விமான ரேடியோ பேசுற விஎச்எஃப் நேர்கோட்டுல போற அலை, பூமி வளைவுக்கு அந்தாண்ட போவாது. உயரத்தை அடியில எடுத்து அதோட ஸ்கொயர் ரூட்டை 1.23ஆல பெருக்கினா எவ்வளவு நாட்டிகல் மைல் எட்டும்னு தோராயமா வரும். 2,500 அடிக்கு ஸ்கொயர் ரூட் 50, பெருக்கினா 61 சொச்சம். வேலூர்ல இருந்து சென்னை ஏர்போர்ட் நேர்கோட்டுல கிட்டத்தட்ட அவ்வளவுதான் தூரம். அதனால வேலூர் மேல 2,500 அடியில சென்னை கேக்குமா கேக்காதான்ற விளிம்புல இருப்பீங்க, மலைக்கு பின்னாடி தாழ்வா போனா சுத்தமா கேக்காது, இதுக்கு 16 வாட் ஒண்ணும் பண்ணாது, இன்னும் ஆயிரம் அடி ஏறினா தானா சரியாயிடும். 10 வாட் தாராளமா போதும்.

அப்போ ரேடியோவுல எதைத்தான் பாக்குறது? அடுத்து மாத்த தயாரா வச்சிருக்கிற ஸ்டாண்ட்பை ஃப்ரீக்வென்சியையும் அதே நேரத்துல கேக்க முடியுதான்னு பாருங்க, முக்கிய சேனல்ல பேசிக்கினே அவசர சேனலான 121.5 மேலயும் ஒரு காது வைக்கலாம். திருகுற நாப் கையில நல்லா பிடிபடணும், இது சின்ன விஷயம் இல்ல, சித்திரை மத்தியானத்துல நம்ம மலை மேல விமானம் தூக்கி தூக்கி போடும்போது டச் ஸ்க்ரீன்ல விரல் ஒரு இடத்துல நிக்காது, ஃப்ரீக்வென்சி மாத்துறதுக்குள்ள நாலு தப்பு நம்பர் விழும். புது செட்டுங்கள்ல டச்சோட நாப்பும் குடுக்குறாங்க, கார்மினோட பழைய ஜிஎன்எஸ் 430ல முழுக்க நாப்பும் பட்டனும்தான். சேனலுங்களை நெருக்கி வைக்கிற 8.33 கிலோஹெர்ட்ஸ் வசதின்னு ஒண்ணு சொல்லி விலை ஏத்துவாங்க, அது ஐரோப்பாவுல கட்டாயம், நீங்க அங்க பறக்கப்போறதில்லன்னா அதுக்குன்னு தனியா காசு குடுக்காதீங்க.

அடுத்து ஒரே பெட்டியா ரெண்டு பெட்டியா. கார்மினோட ஜிடிஎன் 650எக்ஸ்ஐ, ஜிஎன்எஸ் 430டபிள்யூ, அவிடைன் கம்பெனியோட ஐஎஃப்டி 440, இதுங்கள்ல ஜிபிஎஸ், காம் (பேசுற ரேடியோ), விஓஆர் ஐஎல்எஸ் (தரையில இருந்து வழி காட்டவும் இறங்கவும் வர்ற சிக்னலை பிடிக்கிறது) எல்லாம் ஒண்ணா வந்துடும். ஜிஎன்சி 355ல ஜிபிஎஸ்ஸும் காமும் உண்டு, விஓஆர் ஐஎல்எஸ் கிடையாது. ஜிபிஎஸ் 175 வெறும் ஜிபிஎஸ் மட்டும். எல்லாம் ஒண்ணுல இருந்தா பேனல்ல இடம் மிச்சம், ஆனா அந்த ஒரு பெட்டி செத்தா வழியும் போச்சு பேச்சும் போச்சு. விஓஆரும் ரேடியோவும் சேந்த பழைய நாவ்-காம் செட் ஒண்ணு ஏற்கனவே பேனல்ல ஒழுங்கா வேலை செய்யுதுன்னா அதை கழட்டி விக்காதீங்க, ரெண்டாவது செட்டா அப்படியே இருக்கட்டும், அதோட 355 போட்டுக்கினா சின்ன விமானத்துக்கு அதுவே அம்சமான ஜோடின்னு நான் சொல்லுவேன். விஓஆர் எதுக்கு இந்த காலத்துலன்னு கேக்குறாங்க. ஜிபிஎஸ் சிக்னலை மறிக்கிறதும் பொய்யா இடம் காட்ட வைக்கிறதும் இப்போ நெசமாவே நடக்குது, நம்ம நாட்டு விமானப் போக்குவரத்தை கண்காணிக்கிற டிஜிசிஏ 2023 நவம்பர்ல இதுக்குன்னே ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. சென்னையிலயும் பெங்களூர்லயும் விஓஆர் இருக்கு, அதை கேக்க ஒரு ரிசீவர் இருக்கட்டுமே.

செகண்ட்ஹேண்ட் வாங்குறவங்க ககன் பத்தி தெரிஞ்சிக்கணும். இஸ்ரோவும் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியும் சேந்து பண்ண நம்ம நாட்டு அமைப்பு, ஜிபிஎஸ் தப்பை திருத்தி உயரத்தையும் துல்லியமா சொல்லும், 2015ல உயர வழிகாட்டலோட இறங்குற அளவுக்கு அனுமதி வந்துச்சு. இதே வேலையை பண்ற அமெரிக்காவோட வாஸ் அமைப்புக்கு ஒத்துப்போற மாதிரியே பண்ணிருக்காங்க, அதனால வாஸ் செட்டு ககனையும் எடுத்துக்கும். 1998ல வந்த ஜிஎன்எஸ் 430 சாதா மாடல்ல இது கிடையாது, பின்னாடி வந்த டபிள்யூ மாடல்லதான் உண்டு. விக்கிறவர் வாய்ல சொல்றதை நம்பாம பெட்டியை ட்ரேயில (பேனல்ல அதை சொருகுற கூடு) இருந்து உருவச்சொல்லி மேல ஒட்டியிருக்கிற தகட்டை பாருங்க, டிஎஸ்ஓன்ற தர அனுமதி நம்பர் சி146னு இருந்தா வாஸ், சி129னு இருந்தா பழசு. டபிள்யூ செட்டுக்கு ஆன்டெனாவும் வேற, அதையும் சேத்துதான் விலை பேசணும். டபிள்யூவோ சாதாவோ எதுவா இருந்தாலும் 430க்கு உதிரி பாகம் வர வர கஷ்டமாவுது, ரொம்ப மலிவா கிடைச்சா ஒழிய நான் அந்த பக்கம் போவமாட்டேன்.

பேனலுக்கு பின்னாடி பாக்க வேண்டியதுல முதல் விஷயம் வோல்ட். செஸ்னா 172 1978 மாடல்ல இருந்துதான் 28 வோல்ட், அதுக்கு முந்தினது 14. சில ரேடியோ 28ல மட்டும்தான் ஓடும், காசு குடுத்தப்புறம் இது தெரிஞ்சா வேதனை. ஏற்கனவே 430 இருக்கிற பேனல்னா ஐஎஃப்டி 440 அதே ட்ரேயில சொருகிக்கும், கூலி பெருசா மிச்சமாவும். ஜிடிஎன் 650 முகப்பு அளவு அதேதான், ஆனா ட்ரேயும் கனெக்டரும் வேற, வயரிங் புதுசா இழுக்கணும். ஆன்டெனா கேபிள் பழைய ஆர்ஜி 58ஆ இருந்தா இதே சாக்குல ஆர்ஜி 400 போட்டுடுங்க, பழைய கேபிள்ல பாதி சக்தி வழியிலயே வீணாப்போச்சுன்னா புது ரேடியோ வாங்கியும் பிரயோஜனம் இல்ல. அப்புறம் நம்ம வெயில். வெட்டவெளியில நிறுத்தின விமானத்துல கத்திரி சமயத்துல பேனல் கைவைக்க முடியாத சூட்டுல இருக்கும், அதனால செட்டுங்களுக்கு பின்னாடி காத்து ஊதுற சின்ன ஃபேன் போட இடம் இருக்கான்னு கேளுங்க, கண்ணாடிக்கு உள்பக்கம் வெயில் மறைப்பும் வாங்கிடுங்க.

பேப்பர் வேலைதான் நிறைய பேரை கவுக்குது. விடின்னு ஆரம்பிக்கிற இந்திய பதிவு நம்பர் போட்ட சான்றிதழ் உள்ள விமானத்துல நீங்களா ஒரு பெட்டியை மாட்ட முடியாது. அந்த விமான மாடல்ல இந்த பெட்டியை மாட்டலாம்ன்ற எஸ்டிசி சான்றிதழ் இருக்கணும், அதை டிஜிசிஏ ஒத்துக்கணும், வேலையை டிஜிசிஏவோட கார் 145 (CAR 145) விதிப்படி பராமரிப்பு அனுமதி உள்ள ஷாப்தான் பண்ணி கையெழுத்து போடணும். பெட்டியோட ரிலீஸ் சர்டிபிகேட் வரணும், அமெரிக்காவுல இருந்துன்னா 8130-3, ஐரோப்பான்னா ஃபார்ம் 1. ஆன்லைன்ல பாதி விலைக்கு வர்ற செட்டுங்க பலதும் இந்த காகிதம் இல்லாமதான் வருது, அது இல்லாத பெட்டி எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் அந்த பேனல்ல ஏறாது. கார்மினோட ஜிடிஆர் 200 மாதிரி ரேடியோ செட்டுங்க வீட்டுல கட்டுற விமானத்துக்குன்னு பண்ணது, விலையை பாத்து ஏமாறாதீங்க. ரேடியோ மாத்தினா மத்திய அரசோட ரேடியோ அலை பிரிவான டபிள்யூபிசி விமான ரேடியோவுக்கு குடுக்குற ஏரோமொபைல் லைசென்ஸ்லயும் புது செட் விவரம் ஏறணும், இதுக்கு நாள் பிடிக்கும், அதனால பெட்டி ஆர்டர் பண்றப்பவே ஷாப்காரரோட உக்காந்து இந்த வேலையையும் ஆரம்பிச்சிடுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் பில்லை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை கேளுங்க. ரேடியோ பேசும்போது அதோட ஹார்மானிக், அதாவது அந்த ஃப்ரீக்வென்சியோட மடங்குல கிளம்புற அலை, ஜிபிஎஸ் அலை மேல வந்து விழும், 121.185ஐ 13ஆல பெருக்கி பாருங்க, 131.285ஐ 12ஆல பெருக்கி பாருங்க, ரெண்டும் ஜிபிஎஸ்ஸோட 1575.42 மெகாஹெர்ட்ஸ் கிட்டயே வந்து நிக்கும். அதனால டெக்னீஷியன் விமானத்தை வெளிய வெட்டவெளியில நிறுத்தி, ஜிபிஎஸ் ஸ்க்ரீன்ல சாட்டிலைட் சிக்னல் காட்டுற பக்கத்தை திறந்து வச்சிக்கினு, 121.150, 121.175, 121.200, அப்புறம் 131.250, 131.275, 131.300 ஒவ்வொண்ணுலயும் அரை நிமிஷம் மைக் பட்டனை அழுத்தி பிடிக்கணும். ரெண்டு காம் இருந்தா ரெண்டுலயும் தனித்தனியா. ஸ்க்ரீன்ல சாட்டிலைட் சிக்னல் காட்டுற கம்பம் ஒண்ணு ரெண்டு குறைஞ்சா பரவால்ல, மொத்தமா சரிஞ்சு இடம் தொலைஞ்சா ஆன்டெனா ரெண்டும் கிட்ட கிட்ட இருக்குன்னு அர்த்தம், தள்ளி வைக்கணும், இல்ல காம் ஆன்டெனா லைன்ல அந்த அலையை மட்டும் தடுக்கிற ஒரு நாட்ச் ஃபில்டர் போடணும். ஷாப்லயே இதை சரி பண்ண வச்சிட்டு, சாட்டிலைட் சிக்னல் நிலையா நிக்கிறதை உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போடுங்க.